நின்றால்தான் கார்!

எங்கள் ஊருக்குப் பெயர் வைத்த புண்ணியவானிடம் ஒரு பழைய கார் இருந்திருக்க வேண்டும் என்பது என் சமீபத்திய ஆராய்ச்சி முடிவு. விருத்தம் என்றால் பழசு. அசலம் என்றால் அசையாதது. மலை அசையாது என்பதால் மலைக்கு அசலம் என்று பெயர். ஆக, விருத்தாசலம் என்றால் பழமலை. கோயிலில் சாமிக்கும் பழமலைநாதர் என்றே திருநாமம். இதெல்லாம் பக்திமான்கள் சொல்லும் அர்த்தம். போன வருஷம் சித்திரையிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம்: பழசு... நகராது!

விஷயம் இதுதான் ஸார். நான் ஒரு கார் வாங்கினேன். 1985-ம் வருஷத்து பிரீமியர் பத்மினி. எனக்கு முப்பத்தெட்டு வயசு, அவளுக்கு நாற்பது. மூத்த பெண்ணைக் கட்டிக்கொண்டால் யோகம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மெக்கானிக்காக இருக்கக்கூடும்.

ஆபீஸுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு ஆண்பிள்ளையின் மனசிலும் ஒரு பழைய கார் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பனியனோடு அதன் அடியில் படுத்து, முகத்தில் கரியோடு எழுந்து, ஒரு முறுக்கு முறுக்கியதும் அது 'உர்ர்' என்று உயிர் பெற, தெருவே பால்கனிக்கு வந்து பார்க்கிற மாதிரி ஒரு கனவு. கனவில் யாரும் பில் கொடுப்பதில்லை. அதுதான் கனவில் உள்ள சௌகரியம்.

என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன், மீதி நேரத்தில் ரெண்டு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர் வேலை, டேலி ஆகாத டிரையல் பேலன்ஸில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு வரி சேர்த்து டேலி ஆக்குவது. இந்த முதலீட்டோடுதான் களத்தில் இறங்கினேன்.

வண்டி என் மனைவியின் பெரியப்பாவுடையது. நெய்வேலியில் வேலை பார்த்து ரிடையரானவர். ஊருக்கு வெளியே அஞ்சு ஏக்கர் முந்திரித் தோப்பு. தோப்பின் ஒரு கோடியில் வீடு, மறு கோடியில் கார் கொட்டகை. நடுவில் முந்நூறு மீட்டர் மண் பாதை. (கார் வாசலிலேயே நின்றால் ஊரே இரவல் கேட்கும் என்று கொட்டகையைத் தள்ளிப் போட்ட ராஜதந்திரி அவர்.) என் மனைவி பத்தாவது பரீட்சை எழுதப் போனது அந்தக் காரில்தான்.

2011 டிசம்பர் 30. இந்தத் தேதியைக் கடலூர் மாவட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். அன்று விடிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அதில் ஒரு கிழட்டு முந்திரி கொட்டகைக் கூரையைப் பிளந்துகொண்டு வந்து பத்மினியின் மண்டையில் உட்கார்ந்தது. மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். காரை எடுக்கவில்லை. புதுக் கன்று வைத்து, அது காய்த்துக் காசாக எத்தனை வருஷம்! அந்த நேரத்தில் காருக்கு யார் செலவு செய்வது? மாமா சாவியை ஆணியில் மாட்டியவர்தான். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டபோது மட்டும், "எம் பொண்ணுங்க ஏறின வண்டிய்யா அது, எடைக்கா கேக்குற?" என்று விரட்டினாராம்.

என்னிடம் மட்டும் இளகினார்.

"சும்மாவே எடுத்துக்கங்க மாப்ள. காசெல்லாம் வேணாம். ஆனா ஒண்ணு. ஆர்.சி. புக்கு எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க சரி பண்ணி, கொட்டகையிலேருந்து நம்ம வூட்டு வாசலுக்கு ஓட்டியாந்து நிறுத்துங்க. அன்னிக்குத் தரேன் புக்கை."

'ஓட்டியாந்து' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. 'நிறுத்துங்க' என்பது விழவில்லை. இந்த வாரக் கட்டுரை மொத்தமும் காதில் விழாத அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

*

பத்மினி யார், என்ன குலம் என்று இளைய தலைமுறைக்கு இரண்டு வரி. பூர்வீகம் இத்தாலி. ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்தது. 1964-ல் 'ஃபியட் 1100 டிலைட்' என்று வந்து, நடுவில் 'பிரசிடென்ட்' ஆகி, 1974-ல் சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டிக்கொண்டு 'பத்மினி' ஆனாள். 1089 சி.சி. என்ஜின், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் கியர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு ராணியின் மவுசு குறைந்தது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக மட்டும் நெடுங்காலம் உழைத்து, 2023 அக்டோபரோடு அங்கிருந்தும் விடைபெற்றாள்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டாள். கூடவே கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுவையும் சாட்சிக்கு இழுத்தேன். "ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சு, திரும்ப மாட்டித்தான் மெக்கானிசமே கத்துக்கிட்டார், தெரியுமா?"

"அவர் திரும்ப மாட்டினார்" என்றாள். அவ்வளவுதான். சப்பாத்தி வட்டமாக வந்திருந்தது.

சீட்டுப் பணம் அறுபதாயிரம் கையில் இருந்தது. அதில் இருபதாயிரம் பெண்ணின் ஸ்கூல் ஃபீஸுக்கு என்று தனியாகக் கட்டி வைத்தாள். மீதியை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாளே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் கொளஞ்சியப்பரிடம் வேண்டுதலைச் சீட்டில் மனுவாகவே எழுதிக் கட்டுவார்கள். கடன்காரன் ஏமாற்றினாலும், மாடு காணாமல் போனாலும், புருஷன் சரியில்லை என்றாலும் இங்கே மனு உண்டு. நான் எந்தப் பிரிவில் வந்தேன் என்று கேட்டேன். "சாமிக்கும் எனக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டாள்.

*

முதல் தப்பை உடனே செய்தேன். அதாவது, கண்ணுக்குத் தெரிந்ததை முதலில் சரி செய்தேன்.

டிங்கர் வந்து, கூரைக்குள் மல்லாக்கப் படுத்து, மரப்பலகையும் ஜாக்கியும் கொடுத்துத் தூக்கி, கொட்டாப்புளியால் பத்து நாள் தட்டினார். முன் கண்ணாடி நொறுங்கிப் போயிருந்ததால் சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய கண்ணாடி வாங்கினேன். அதைப் போர்வையில் சுற்றி, எழும்பூரிலிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியில், மடியில் வைத்துக்கொண்டு வந்த கதை தனிக் கட்டுரை. உளுந்து மூட்டையோடு வந்த ஒரு பெரியவர், "உள்ள பாப்பா தூங்குதா?" என்று கேட்டு இடம் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

வந்து பார்த்தால் கண்ணாடி சட்டத்தில் உட்காரவில்லை. டிங்கர் நூல் ஒன்றை எடுத்து, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு அளந்தார். பிறகு வலது மேலிருந்து இடது கீழ். ஒன்றேகால் இஞ்ச் வித்தியாசம். "ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தாத்தான் சார் சட்டம் நேரா இருக்குன்னு அர்த்தம். மரம் விழுந்ததுல தூண் சாஞ்சிருக்கு." எனக்குச் சட்டென்று புரிந்தது. டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகவில்லை! ஆனால் கண்ணாடிக்குச் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் கிடையாது. தூணை இழுத்து நிமிர்த்தி, இரண்டு நூலும் ஒன்றான பிறகுதான் உட்கார்ந்தது. அடிபட்ட கார் பார்க்கப் போகும் தம்பிகளே, ஒரு பந்து நூல் கொண்டு போங்கள். கார் விற்பவர் பொய் சொல்லலாம், நூல் சொல்லாது.

பிறகு பெயிண்ட். பாட்டில் பச்சை. இருபத்திரண்டாயிரம். வெயிலில் நிறுத்தி போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். முப்பத்தேழு கட்டைவிரல்கள் வந்தன. ஒருத்தரும் 'பிரேக் எப்படி?' என்று கேட்கவில்லை.

கேட்ட ஒரே மனிதர் மெக்கானிக் அண்ணன். என்ஜினை உயிர்ப்பித்தது அவர்தான். நான் பேட்டரியை மாட்டி நேராக ஸ்டார்ட் செய்யப் போனபோது கையைத் தட்டிவிட்டார். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ரெண்டு நாள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னார். உள்ளே பிஸ்டன் நகர்ந்தது. "பதினாலு வருஷம் படுத்தவனை எழுப்பி உடனே ஓடச் சொன்னா கால் ஒடிஞ்சிரும் சார்." டாங்க்கில் கோந்தாகிக் கிடந்த பெட்ரோலைக் கொட்டினார். எலி கடித்த ஒயர்களை மாற்றினார். வண்டி உறுமியது. கண்ணில் தண்ணீர் வந்தது. புகையும் ஒரு காரணம்.

"பிரேக்கைப் பிரிச்சுப் பாக்காம எடுக்காதீங்க சார். செவ்வாக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கு நடுவில் ஒரு முழு திங்கள் இருந்தது. பெடலை அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. முந்நூறு மீட்டர்தானே? சொந்தத் தோப்புப் பாதைதானே?

"நானும் வரேம்ப்பா" என்றாள் பெண். ஏழு வயசு. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

*

முதல் இருநூறு மீட்டர் நான் ராஜாதி ராஜன். பாதை கடைசியில் வீட்டை நோக்கிக் கொஞ்சம் சரியும். மாமா திண்ணையிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது. ஸ்டைலாக பிரேக்கை அமுக்கினேன். பெடல் பிடித்தது. பிறகு, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல, மெதுவாகத் தரை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுபடி அமுக்கினேன். காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். கேபிள் பதினாலு வருஷத் துருவில் இறுகிக் கிடந்தது. வாசல் வந்தது... மாமா வந்தார்... மாமா விலகினார்... வாசல் போனது. எதிரே ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் வைக்கோல் போர்.

ஸ்டீயரிங்கை ஒடித்தேன். 'பொத்'தென்று வைக்கோல் போருக்குள் பாதிக் கார் போய் நின்றது. என்ஜின் இருமி அடங்கியது. எங்கும் வைக்கோல் தூசி. பெண் ஒரு வினாடி பேசவில்லை. அந்த ஒரு வினாடியை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு அவள் திரும்பி, "அப்பா, நீ வேணும்னுதானே வைக்கல்ல வுட்ட?" என்றாள்.

"ஆமாம்டா கண்ணு" என்றேன்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றை ஒரு தரம் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். உள்ளே போய்விட்டார். வீட்டுக்குப் போனதும் மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அதுதான் உச்சபட்ச தண்டனை.

*

செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். வைக்கோலைப் பார்த்தார். "அவசரமா மாட்டுக்குத் தீனி எடுக்கப் போனீங்களா?" என்றார். அத்தோடு என் படிப்பு ஆரம்பமானது.

முதலில் தரை விரிப்பைத் தூக்கச் சொன்னார். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங்... டங்... டங்... பொத். அந்த 'பொத்' வந்த இடத்தில் முனையால் குத்தினார். ஸ்குரூடிரைவர் உள்ளே போய் மண்ணைத் தொட்டது. "சில வண்டிக்கு அடியில சேஸின்னு தனியாச் சட்டம் இருக்கும் சார். மேலே பாடி வெறும் சட்டை. பத்மினிக்கு அப்படி இல்ல. பாடிதான் எலும்பு. தரை அரிச்சா முதுகெலும்பு அரிச்ச மாதிரி. இதுக்கு மேலயா பெயிண்ட் அடிச்சீங்க?"

பிறகு என் பாக்கெட்டில் ஒரு காந்தத்தைப் போட்டார். துணி சுற்றிய காந்தம். அதைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தால் ஒட்டாமல் விழுந்தது. அந்த இடத்தில் தகடே இல்லை. என்றைக்கோ யாரோ வைத்த பட்டி, அதற்கு மேல் என்னுடைய பாட்டில் பச்சை. தகடு வெட்டி வெல்டிங் வைத்தபோது புதுப் பெயிண்ட் நாலு இடத்தில் கருகிக் கொப்பளித்தது. இருபத்திரண்டாயிரம் புகையாகப் போவதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் நான்.

சுந்தரர் பன்னீராயிரம் பொன்னை எங்கள் மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஐதீகம். நானும் ஆற்றில் போட்டுவிட்டேன். எந்தக் குளத்தில் தேடுவது என்று எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்தது பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை அமுக்கினால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியே போய் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள குட்டி சிலிண்டரைத் தள்ளுகிறது. அது லைனிங்கை டிரம்மில் உரச வைக்கிறது. சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது கட்டைவிரல் அளவு ரப்பர் கப். பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம். சும்மா நிற்கும் வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும், ரப்பர் விறைக்கும். லேசாக அமுக்கிப் பார்த்தால் தாங்கும். நிஜமாக மிதித்தால் கிழியும். எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு கப் கிழிந்தால் மொத்தமும் போச்சு.

அண்ணன் கிழிந்த ரப்பர் கப்பை என் உள்ளங்கையில் வைத்தார். முந்திரிக்கொட்டை அளவுதான் இருந்தது. அன்றைக்கு அதை நம்பித்தான் என் பெண் ஏறி உட்கார்ந்தாள்.

எல்லாம் புதுசு மாட்டிய பிறகு குழாயில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருத்தர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். ஒருத்தர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வர வேண்டும். அன்று அண்ணனுக்கு ஏதோ கல்யாணம். நான் கீழே படுத்தேன். மிதிக்க ஆள்? என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

"அமுக்கு! அப்படியே பிடி! விடாதே! இப்ப விடு!" என்று நான் ஆணையிட, அவள் அப்படியே செய்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் சொன்னதை அவள் அப்படியே செய்தது அந்த ஒரு மணி நேரம்தான். கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. மேலேயிருந்து குரல் வந்தது: "இதை அன்னிக்கே செய்திருக்கலாம்." பதினாறு நாள் மௌனம் முடிந்தது. பிரேக்கில் மட்டுமில்லை ஸார், வேறு இடத்திலும் காற்று அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

*

ஆனால் கதை முடியவில்லை. இப்போது நிற்கிறது, ஓடத்தான் மாட்டேன் என்கிறது. சும்மா நிற்கும்போது என்ஜின் பூனை மாதிரி. கொஞ்சம் மேடு ஏறினால் 'டப்... டப்...' என்று திக்குகிறது. பாயிண்ட்டைத் தேய்த்தோம், கன்டென்சர் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழுவினோம். எதுவும் நடக்கவில்லை.

காப்பாற்றியவர் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா. பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தவர். விருத்தாசலம் என்றால் சிலருக்குக் கோயில், சிலருக்கு ரயில்வே ஜங்ஷன், எங்களுக்குப் பீங்கான். செராமிக் படிப்பு சொல்லிக் கொடுக்கும் அரசுக் கல்வி நிலையமே இங்கே உண்டு. பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, ஃபியூஸ் கட்டை என்று இந்த மண் ஏறாத வீடு குறைவு.

தாத்தா வேடிக்கை பார்க்க வந்தவர், கழற்றி வைத்திருந்த ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பினார். "இதுவும் நம்ம ஜாதிதான் தம்பி. வெள்ளையா இருக்குதே, அது அலுமினாப் பீங்கான். பத்தாயிரம், இருவதாயிரம் வோல்ட்டைத் தாங்கணும் பாவம். உடம்புல வளையம் வளையமா இருக்குதே, எதுக்கு? கரண்ட்டு கம்பத்துப் பீங்கான்லயும் இருக்கும் பாருங்க. கரண்ட்டு மேற்பரப்புல குறுக்கு வழியில ஓடிராம சுத்த விடுறதுக்கு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "இதைக் கீழ போட்டீங்களா?"

போட்டிருந்தேன். ஒரு வாரம் முன்னால், சிமெண்ட் தரையில். எடுத்துப் பார்த்தேன், உடையவில்லை, துடைத்து மாட்டிவிட்டேன்.

"ராவுக்கு லைட்டை அணைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. கையி மட்டும் வெச்சிறாதீங்க."

இரவு கொட்டகையில் விளக்கை அணைத்து, என்ஜினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்தோம். மூன்றாவது பிளக்கின் வெள்ளைக் கழுத்தில் ஒரு நீலப் பொறி நெளிந்து நெளிந்து இறங்கியது. பகலில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல். தீ உள்ளே போகாமல் அதன் வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"விரிசல் பகல்ல தெரியாது தம்பி. பாரம் ஏறினாத் தெரியும், இல்லாட்டி இருட்டுல தெரியும்" என்றார் தாத்தா. சூளைக்காரர் பிளக்கைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் 'ஆமாம்டா கண்ணு' ஞாபகம் வந்தது.

*

மறுநாள் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். "அன்னிக்கு அப்பா பொய் சொன்னேன். வேணும்னு வைக்கல்ல விடலை. பிரேக் பிடிக்கலை. அண்ணன் வேணாம்னு சொல்லியும் எடுத்தேன். தப்பு."

"தெரியும்ப்பா" என்றாள். "நீ 'ஐயோ'ன்னு கத்துனியே."

நான் கத்தியது எனக்கே தெரியாது.

"இப்போ பிடிக்குமா?"

"பிடிக்கும். பாத்துட்டேன்."

"நான் பாக்கல" என்றாள். உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் முழுக்கத் தோப்புப் பாதையில் ஒரே வேலை. அவள் ஓரமாக, ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் அம்மாவோடு நின்றுகொள்வாள். பாதையின் குறுக்கே கோலமாவில் கோடு. நான் வந்து கோட்டில் நிறுத்த வேண்டும். தாண்டினால் ஃபெயில். முதல் தடவை ஃபெயில். ஏழு தடவை பாஸான பிறகுதான் ஏறினாள். எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கொடுத்த டெஸ்டில்கூட இத்தனை கெடுபிடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா வீட்டு வாசலில், திண்ணைக்குப் பத்தடி முன்னால், கோடு போட்டாயிற்று. நான், பக்கத்தில் பெண், பின்னால் மனைவி. சரிவில் இறங்கினோம். பெடலை அமுக்கினேன். முன் சக்கரம் கோலமாவைத் தொட்டு, ஒரு சிமிட்டு மாவு அதில் ஒட்ட, நின்றது.

மாமா இறங்கி வந்தார். புதுத் தரையைப் பார்க்கவில்லை. கருகிப் போய் மறுபடி அடித்த பச்சையைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தையும் கோட்டையும் பார்த்தார்.

"நின்னுருச்சே!" என்றார். உள்ளே போய் ஆர்.சி. புக்கைக் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கவில்லை, பெண்ணிடம் கொடுத்தார்.

*

பி.காம். படித்தவன் கணக்கு முடிக்காமல் கட்டுரையை முடிக்கக் கூடாது. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் பதினைந்து சதவீதம் தேய்மானம். ஒரு லட்சத்துக்கு வாங்கிய கார் என்று வைத்துக்கொண்டால் நாற்பது வருஷத்தில் அதன் புத்தக மதிப்பு நூற்றைம்பது ரூபாய். அந்த நூற்றைம்பது ரூபாய்ச் சொத்துக்கு நான் செலவழித்தது ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம். இனி ரோட்டில் ஓட்ட இன்ஷூரன்ஸ் வேண்டும், ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல் இருபது வயசு தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். ஐம்பது வயசானால் 'விண்டேஜ்' என்று தனி மரியாதை உண்டு, 2021-லிருந்து அதற்குத் தனி விதி. பத்மினிக்கு ஐம்பது 2035-ல். அதுவரை நான் ஓட வேண்டும்.

முதல் கார் எடுத்துப் பழகப் போகும் தம்பிகளுக்கு என் சொத்து முழுவதையும் எழுதி வைக்கிறேன்: ஒரு நூல் பந்து, துணி சுற்றிய காந்தம், ஸ்குரூடிரைவர், ஒரு டப்பா கோலமாவு. வரிசையும் இதுதான். சட்டம் நேராக இருக்கிறதா, தகடு இருக்கிறதா, தரை இருக்கிறதா, நிற்கிறதா. இதற்கெல்லாம் 'ஆமாம்' வந்த பிறகு என்ஜின். பெயிண்ட் கடைசி. நான் கடைசி வேலையை முதலில் செய்ததற்குக் கொடுத்த ட்யூஷன் ஃபீஸ் இருபத்திரண்டாயிரம். கிணறு இருந்த பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்திருந்தால் எவ்வளவு என்று நான் கணக்குப் போடுவதில்லை.

போன வாரம் என் மனைவி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டு வந்தாள். இனிமேலாவது சொல்லலாமே, என்ன எழுதினாய், 'இந்தக் கார் தொலைய வேண்டும்' என்றுதானே என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள். "'போனவங்க திரும்பி வரணும்'னு எழுதினேன்."

சப்பாத்தி வட்டமாகத்தான் வந்திருந்தது.